இண்டைக்கு ஒண்டும் சமைக்கேல்லை

நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் இருக்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் நடந்து போகிற தூரம். அறை கேட்டுப் போன முதல் நாளே வீட்டுக்கார அன்ரி மூன்று விசயம் சொல்லிப்போட்டா. இரவு எட்டு மணிக்குக் கேற் பூட்டுப்படும். கிணத்தடியில் தண்ணி அள்ளினால் வாளியைக் கவிழ்த்து வைக்க வேணும். அறைக்குள் சமைக்கக்கூடாது. ஹீட்டர், றைஸ் குக்கர் ஒண்டும் கொண்டுவரக்கூடாது, கரண்ட் பில் கட்டி முடியாது எண்டா.

முதல் வருசம் முழுக்கக் கடைச் சாப்பாடுதான். காலையில் பணிசும் பிளேன் ரீயும். மத்தியானம் கன்ரீன். இரவில் கொத்து, இல்லாவிட்டால் ரோல்ஸ், அதுவும் இல்லாவிட்டால் பிஸ்கற். மாதக் கடைசியிலும் உதவிப்பணம் பிந்தின நாட்களிலும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கேல்லை" என்று ஒருத்திக்கு ஒருத்தி பொய் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறோம். இரண்டாம் வருசம் எங்களில் ஒருத்தி லீவு முடிந்து வரும்போது பழைய திருவலை ஒன்றைச் சீலைத் துணியில் சுத்திக் கொண்டுவந்தாள். கதை அங்கேதான் தொடங்கினது.

இப்போது கிழமையில் நாலைந்து இரவு அடுப்பில்லாமல் சாப்பிடுகிறோம், வயிறு நிறையச் சாப்பிடுகிறோம். ஆனால் இது "பச்சையாய்ச் சாப்பிட்டால் நோய் அண்டாது, தோல் மினுங்கும்" என்று சொல்கிற கட்டுரை இல்லை. அதைச் சொல்ல ரீல்ஸில் நிறையப் பேர் இருக்கினம். நாங்கள் சொல்ல வருவது வேறு. அடுப்பு மூட்டாத சாப்பாட்டை எங்கட வீடுகள் சாப்பாடாகக் கணக்கெடுக்கிறதே இல்லை. அந்தக் கணக்கின் பாரம் முழுக்க அம்மாமாரின் தலையில் விழுகிறது.

முதலில் என்ன சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் கருத்து மட்டும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அதிக நாள் அவல்தான். சிவப்பு அவலைக் கழுவி வடித்துப் பத்து நிமிசம் மூடி வைத்தால் தானாக மெத்தென்று வரும். தேங்காய்ப்பூ, சீவின பனங்கட்டி, இரண்டு இதரை வாழைப்பழம். உறைப்புக் கேட்கிற நாளில் பனங்கட்டியை விட்டுவிட்டு வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தேசிக்காய்ப்புளி. உண்மையைச் சொன்னால் அவல் பச்சை இல்லை, நெல்லைச் சூடுகாட்டி இடித்ததுதான். ஆனால் அந்தச் சூட்டை வேறு யாரோ எங்கோ காட்டிவிட்டார்கள். எங்கள் அறைக்குள் நெருப்பு வரவில்லை, அன்ரியின் சட்டமும் உடையவில்லை.

அடுத்தது முளைப்பயறு. காலையில் விரிவுரைக்குப் போகமுதல் ஊறப்போட்டு, இரவில் வடித்து, ஈரத்துணியில் முடிந்து யன்னல் கம்பியில் கட்டிவிடுவோம். இந்த ஊர் வெக்கைக்கு அடுத்தநாள் பின்னேரமே முளை எட்டிப் பார்க்கும். திருவின கரட், தேங்காய்ப்பூ, கொஞ்சம் வெங்காயம், தேசிக்காய். ஃபிரிட்ஜ் இல்லாதபடியால் அண்டைக்கே முடிக்க வேணும். மிச்சம் வைத்தால் அடுத்தநாள் மணம் சொல்லிக்காட்டும்.

வல்லாரைச் சம்பலுக்குத்தான் பொறுமை வேணும். கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு இலையாகப் பார்த்துக் கழுவி, நீர் வடிந்த பிறகு மெல்லிசாய் அரிய வேணும். தேசிக்காயைச் சாப்பிட இருக்கிற நேரத்தில்தான் பிழிவது. முந்திப் பிழிந்தால் இலை சோர்ந்து நிறம் மாறிப்போகும். வல்லாரை ஞாபகசக்தியைக் கூட்டும் என்று சோதனைக்கு முதல் எல்லா அம்மாமாரும் சொல்லுவினம். எங்கள் பெறுபேறுகளில் அதற்கான சான்று இதுவரை கிடைக்கவில்லை.

நொறுக்குக்குப் பஞ்சமே இல்லை. மாங்காயைக் கீறி உப்பும் கட்டைத்தூளும். அம்பரலங்காய், நெல்லிக்காய், கெக்கரிக்காய். விளாம்பழத்தை உடைத்துப் பனங்கட்டியோடு குழைத்தால் அது ஒரு விருந்து. வெயில் காலத்தில் நுங்கு. கறுத்தக் கொழும்பான் சந்தைக்கு வருகிற நாட்களில் இரவுச் சாப்பாடே மாம்பழம்தான், அது எங்கள் தனிப்பட்ட பலவீனம்.

இதையெல்லாம் நாங்கள் ஏதோ கண்டுபிடித்த மாதிரி ஒருநாள் பெருமையாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தி மலையகம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள். "இதெல்லாம் உங்களுக்குப் புதுசா? எங்கம்மா கொழுந்து பறிக்கப் போறப்ப கட்டிக்கிட்டுப் போறதே ரொட்டியும் தேங்கா சம்பலும்தான். அதுக்கு யாரும் பேரு வைக்கல" என்றாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

அவள் சொன்னது சரி. தேங்காய்ச் சம்பலை யோசித்துப் பாருங்கள். தேங்காய், வெங்காயம், மிளகாய், உப்பு, தேசிக்காய். மிளகாயை வறுக்காமல் போட்டால் நெருப்பே படாத சாப்பாடு. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறது. கலியாண வீட்டுக் கரட் சம்பல், மாங்காய்ச் சம்பல், தயிருக்குள் போட்ட வெள்ளரிக்காய், எல்லாம் இதே இனம்தான். ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோன பிறகு "என்ன சமைச்சனீங்கள்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் பதில் எப்படி வரும்? "மூண்டு கறியும் ஒரு சம்பலும்." சம்பல் கறியோடு சேராது. எண்ணிக்கையில் வராது. தேங்காய் திருவி, வெங்காயம் உரித்து, உரலில் இடித்து, கை எரிய எரியக் குழைத்த அரை மணித்தியாலமும் அதோடு சேர்ந்து எண்ணிக்கையில் வராமல் போகிறது.

இதில் இருந்துதான் எங்களுக்கு 2022 ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். 2021 ஒக்டோபருக்கு முதல் 1,493 ரூபாய் விற்ற 12.5 கிலோ சமையல் எரிவாயு, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் சிலிண்டர் இல்லை. மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். இந்த எண்கள் உங்களுக்கும் தெரியும், உங்கள் வீட்டாலும் வந்திருக்கும்.

எங்களில் ஒருத்தியின் வீடு வன்னியில். கேஸ் இல்லாமல் முற்றத்து விறகடுப்பில்தான் சமையல். ஒருநாள் பின்னேரம் மழை வந்து விறகு முழுக்க நனைந்துபோனது. அம்மா ஊதி ஊதிப் பார்த்தா. புகைதான் வந்தது. கடைசியில் அவலைக் கழுவி, தேங்காய் திருவி, சீனி போட்டு, வாழைப்பழம் வெட்டிப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் கோப்பையில் போட்டுக் கொடுத்தா. கொடுக்கும்போது, "இண்டைக்கு ஒண்டும் சமைக்கேல்லை பிள்ளையள், குறை நினையாதேங்கோ" என்று சொல்லிப்போட்டுக் குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தா. புகை என்று சொன்னா.

பிள்ளைகள் மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள். அந்த வருசத்திலேயே ருசியாகச் சாப்பிட்ட இரவு அதுதான் என்று அவள் இப்போது சொல்கிறாள். ஆனால் அன்றைக்கு அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. அம்மா மன்னிப்புக் கேட்டதைப் பிழையென்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் இதைக் கேட்டபோது மற்ற மூன்று பேருக்கும் தங்கள் அம்மாவின் குரலில் அதே வசனம் கேட்டது. இண்டைக்கு ஒண்டும் சமைக்கேல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது சொல்லுவா. செத்தவீட்டுக்குப் போய் வந்த களைப்பில் சொல்லுவா. வேலையால் பிந்தி வந்த அன்றைக்குச் சொல்லுவா. மேசையில் பாணும் சம்பலும் வாழைப்பழமும் இருக்கும். ஆனாலும் 'ஒண்டும்' இல்லை. அடுப்பு எரியாவிட்டால் அம்மா தன் கடமையைச் செய்யவில்லை என்ற மாதிரி ஒரு கணக்கு எங்கள் வீடுகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதியது அம்மாமார் இல்லை. ஆனால் அதைக் கட்டிக்கொண்டிருப்பது அவர்கள்தான்.

எங்கள் கருத்து இதுதான்: சமைக்காத சாப்பாடும் சாப்பாடுதான். ஒரு வீட்டில் கிழமைக்கு ஓரிரண்டு நேரமாவது அடுப்பை மூட்டாமல், மன்னிப்புக் கேட்காமல், எல்லோரும் இருந்து சாப்பிடலாம். சாப்பிடவும் வேணும்.

"அடுப்பில்லை எண்டால் வேலை குறைவுதானே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். இல்லை. தேங்காய் தன்பாட்டில் திருவுப்படாது. வல்லாரை தன்பாட்டில் கழுவுப்படாது. முன்பு அடுப்படியில் நின்ற அதே ஆள் இப்போது திருவலையில் இருந்தால் மாறினது ஒன்றுமில்லை, புகை மட்டும் மிச்சம். ஆகவே சாப்பாடு பச்சையா சமைத்ததா என்பதோடு சேர்த்து அதை யார் செய்கிறது என்றும் கேட்க வேணும்.

இங்கேதான் அடுப்பில்லாச் சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு நன்மை தெரிகிறது. எங்கள் அண்ணாமார், தம்பிமார், வகுப்புப் பெடியள் எல்லோரிடமும் ஒரு வசனம் இருக்கிறது: "எனக்குச் சமைக்கத் தெரியாது." சோறு குழைஞ்சுபோகும், கறி அடிப்பிடிக்கும், எண்ணெய் தெறிக்கும், அதனால் குசினிப்பக்கம் வரமாட்டினம். சரி, விடுங்கள். அவல் கழுவத் தெரியாதா? வாழைப்பழம் உரிக்கத் தெரியாதா? கரட் திருவத் தெரியாதா? இதில் கருகுவதற்கு ஒன்றுமில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒருநாளில் பழக்கலாம். அந்தச் சாட்டு இங்கே செல்லாது. இதையும் செய்யமாட்டேன் என்றால் பிரச்சினை தெரியாமையில் இல்லை என்பது தெளிவாகிவிடும்.

இனி மற்றப் பக்கம். இதை நாங்கள் ஒரு மதமாக்க விரும்பவில்லை.

நெருப்புப் படாததை மட்டுமே சாப்பிட வேணும் என்கிற கொள்கை புதிதில்லை. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்துபோன காந்தி, 1929இல் சமைக்காத உணவை மட்டும் சாப்பிட்டுப் பார்த்து அதைப் பற்றித் தன் பத்திரிகையிலும் எழுதினார். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அந்தச் சோதனையை நிறுத்தினார். 1999இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்று, நீண்டகாலம் பெரும்பாலும் பச்சை உணவையே சாப்பிட்டு வந்த ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தது. அதில் 45 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஏறத்தாழ 30 வீதமானவர்களுக்கு மாதவிடாய் தவறியோ முற்றாக நின்றோ இருந்தது. உடம்பு தனக்குப் போதாது என்று சொல்கிற விதம் அது. பெண்கள் விடுதிகளில் 'டயற்' என்ற பெயரில் பழம் மட்டும் சாப்பிட்டு நாளை ஓட்டுகிற தோழிகள் எங்களுக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சூட்டில் விற்றமின் சி குறையும், உண்மைதான். ஆனால் தக்காளியிலும் கரட்டிலும் உள்ள சில சத்துகள் சமைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், கொஞ்சம் தேங்காயோ எண்ணெயோ சேர்ந்தால் இன்னும் நல்லது. மரவள்ளிக்கிழங்கை ஒருநாளும் பச்சையாய்ச் சாப்பிடக்கூடாது, அதில் சயனைட்டாக மாறுகிற பொருள் இருக்கிறது. திறந்த பானையில் அவித்துத் தண்ணியை ஊற்ற வேணும் என்று அம்மம்மாமார் சொன்னது சும்மா இல்லை. கடலை, கௌப்பி ஊறினாலும் அவிக்கத்தான் வேணும். எங்கள் மத்தியானச் சாப்பாடு இப்பவும் சோறும் பருப்பும் மீனும்தான். அதை விடுகிற எண்ணம் இல்லை.

அடுத்தது தண்ணி. இதைப் பற்றி ரீல்ஸில் யாரும் சொல்லமாட்டினம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றுவது கீழே வேகமாக இறங்கும். ஒரே வளவுக்குள் கிணறும் இருக்கும், மலசலகூடக் குழியும் இருக்கும். நெருப்புக்காய்ச்சல் இந்த ஊருக்குப் புதிதில்லை. சமைக்கும்போது சூட்டில் செத்துப்போகிற கிருமி பச்சை இலையில் அப்படியே இருக்கும். உப்புத்தண்ணியில் போட்டால் புழு கழன்று விழும், கிருமி போகாது. ஆகவே இலைகுழையை நல்லாகக் கழுவி, கடைசியாகக் கொதித்தாறின தண்ணியில் அலசுகிறோம். முளைப்பயறைச் சுடுதண்ணி ஊற்றி வடித்துத்தான் சாப்பிடுகிறோம். ஒருமுறை அவசரத்தில் அலசாமல் சாப்பிட்டு நாலு பேரும் இரண்டு நாள் விரிவுரைக்குப் போகாமல் கிடந்தோம். அதற்குப் பிறகு அவசரம் இல்லை.

கொதித்தாறின தண்ணி எங்கால் வருகிறது? வீட்டுக்கார அன்ரியின் குசினியால். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தாறா. காசு வாங்கமாட்டா. அடுப்பில்லாமல் சாப்பிடுகிறோம் என்று நாங்கள் பெருமை கதைக்கிற நாட்களிலும் எங்களுக்காக ஒரு பெண் ஒரு அடுப்பை மூட்டிக்கொண்டுதான் இருக்கிறா. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கின பிறகுதான் அது எங்களுக்கு உறைத்தது. இப்போது எங்கள் சம்பலில் ஒரு கோப்பை அவவுக்குப் போகிறது. முதல் நாள் "இதென்ன பிள்ளையள், மாட்டுக்குப் போடுற மாதிரி" எண்டா. இரண்டாம் கிழமை கோப்பையைத் தானே கொண்டுவந்து வைத்தா.

கடைசியாக விலை. பச்சையாய்ச் சாப்பிட்டால் மலிவு என்று நாங்கள் சொல்லமாட்டோம். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டினபோது எங்கள் சம்பல் நாலு நாளில் இருந்து இரண்டு நாளாகக் குறைந்தது. பழம் எல்லோர் வீட்டிலும் இல்லை. நெருக்கடி நேரத்தில் சனத்துக்கு 'வீட்டைச் சுற்றி உள்ள இலைகுழையைச் சாப்பிடுங்கோ' என்று புத்தி சொன்னவர்களை நாங்கள் மறக்கவில்லை. அரிசி வாங்கக் காசில்லாத வீட்டுக்கு வல்லாரையின் மகிமையைச் சொல்வது புத்திமதி இல்லை, அவமரியாதை. அடுப்பு இருந்தும் இன்றைக்கு மூட்டவேண்டாம் என்று ஒரு வீடு தீர்மானிப்பது வேறு. மூட்ட வழியில்லாமல் இருப்பது வேறு. நாங்கள் முதலாவதைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறோம். இரண்டாவதுக்குச் சாப்பாட்டுக் குறிப்பு பதில் ஆகாது, சம்பளமும் விலைக்கட்டுப்பாடும்தான் பதில்.

போன லீவுக்கு நாங்கள் நாலு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனோம். ஒரு இரவு, ஒரேயொரு இரவு, அடுப்பில்லாச் சாப்பாடு. அம்மா எதையும் தொடக்கூடாது. வீட்டில் உள்ள ஆம்பிளையள் ஒரு வேலையாவது செய்ய வேணும்.

முடிவுகள் கலவை. ஒரு வீட்டில் அப்பா சாப்பிட்டுப்போட்டு, "இனி சோத்தைப் போடுங்கோ" என்றார். ஒரு வீட்டில் அம்மாவே பொறுக்கமாட்டாமல் எழும்பிப் பருப்பு வைத்தா. மலையகத்தில் தம்பி தேங்காய் திருவிக் கையைக் கீறிக்கொண்டு மூன்று நாள் எல்லோருக்கும் காட்டித் திரிந்தான். வன்னி வீட்டில் அண்ணா அவல் கழுவி, தேங்காய் திருவி, பழம் வெட்டினான். கொஞ்சம் ஊறிக்கூடிப்போனது, பரவாயில்லை. அம்மா வழக்கம்போல் வாசலில் நின்றா. "நீங்களும் இருங்கோம்மா" என்று கையைப் பிடித்து இருத்தினார்கள். பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து, அதுவும் முதல் கோப்பையை வாங்கி அம்மா சாப்பிட்டதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாளாம். அப்போது 2022இல் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்: "அம்மா, அண்டைக்கு மழைக்குள்ள தந்தது நல்ல ருசி."

அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூ போடச் சொன்னாவாம்.

வாசிக்கிற உங்களிடம் நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். இந்தக் கிழமை ஒரு இரவைத் தெரிவுசெய்யுங்கோ. அவலோ பயறோ பாணும் சம்பலுமோ, உங்கள் ஊரில் என்ன கிடைக்குதோ அது. நல்லாகக் கழுவுங்கோ. தேங்காயை நீங்கள் திருவுங்கோ, அல்லது தம்பியைத் திருவ விடுங்கோ. அம்மாவை இருத்துங்கோ. "ஒண்டும் சமைக்கேல்லை" என்று அவ வாயெடுக்க முதல் கோப்பையைக் கையில் கொடுத்துவிடுங்கோ.